அசையாத மலைக்கு ஆட்டோஃபோகஸ் எதற்கு?

நிலக்காட்சி ஒளிப்படக்கலைக்குள் நுழைகிறவருக்கு இன்று கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கிறது. 16 முதல் 35 மி.மீ. வரை மாறும் ஜூம் லென்ஸ் வேண்டும், அது எஃப்/2.8 வரை திறக்க வேண்டும், அதில் விரைவான ஆட்டோஃபோகஸ் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் முதல் பயிற்சி வகுப்பு நடத்துபவர் வரை ஒரே குரலில் சொல்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், கையால் திருகி ஃபோகஸ் செய்யும், ஒரே குவியத் தொலைவு மட்டுமே கொண்ட சிறிய அதிவிரிகோண லென்ஸைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பணம் போதாதவர் செய்துகொள்ளும் சமரசம் என்றோ பழமை விரும்பியின் பொழுதுபோக்கு என்றோ ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த ஒதுக்கல் ஒளியியலுக்கும் பொருந்தவில்லை, நிலக்காட்சிக் கலையின் வரலாற்றுக்கும் பொருந்தவில்லை. வேறொரு தொழிலின் தேவைகளை அளவுகோலாகக் கொண்டு நிலக்காட்சியை அளந்ததன் விளைவே அது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. குவியத் தொலைவு குறையக் குறைய லென்ஸ் பார்க்கும் கோணம் விரிகிறது. 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகைகளையும், 21 மி.மீ. லென்ஸ் 92 பாகைகளையும், 15 மி.மீ. லென்ஸ் 110 பாகைகளையும் காட்டுகின்றன. 21 மி.மீ.இலிருந்து கீழே உள்ளவற்றை அதிவிரிகோண லென்ஸ் என்று வழங்குவதை இக்கட்டுரை பின்பற்றுகிறது. எஃப்/2.8, எஃப்/8 போன்ற எண்கள் அப்பர்ச்சர் எனப்படும் ஒளித்துளையின் அளவைக் குறிக்கின்றன. குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பதே அந்த எண் என்பதால், எண் பெரிதானால் துளை சிறிதாகும்.

மறுக்கப்படும் கருத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துக்கொள்வதே முறை. அது நான்கு வாதங்களின் மேல் நிற்கிறது. இயந்திரம் மனிதக் கையைவிடத் துல்லியமாக ஃபோகஸ் செய்யும் என்பது முதல் வாதம். அகலமாகத் திறக்கும் துளை எந்த ஒளியிலும் கைகொடுக்கும் என்பது இரண்டாவது. அதிவிரிகோணத்தில் நல்ல பிம்பம் வேண்டுமானால் பெரிய கண்ணாடிகள் தேவை, சிறிய உடலுக்குள் தரம் அடங்காது என்பது மூன்றாவது. மலையிலும் கடற்கரையிலும் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, ஆகவே ஜூம் இன்றியமையாதது என்பது நான்காவது. இவற்றில் எதுவும் முட்டாள்தனமான வாதம் அன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பணியிடத்தில் உண்மையாக இருக்கிறது. செய்திப் படக்காரரும் திருமணப் படக்காரரும் எஃப்/2.8 ஜூம்கள் மூன்றைத் தோளில் சுமப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அவர்களுக்கு முன்னால் இருப்பவர்கள் நகர்கிறார்கள், வெளிச்சம் அவர்கள் கையில் இல்லை, தவறிய கணம் திரும்ப வராது. அந்தக் கருவித் தொகுப்பு அப்படியே நிலக்காட்சிக்கும் இலக்கணமாக்கப்பட்டபோதுதான் பிழை நேர்ந்தது. கோடரி நல்ல கருவிதான், ஆனால் நெல்லறுக்க அதைக் கொண்டுபோகிறவரை யாரும் முன்மாதிரியாகக் காட்டுவதில்லை.

ஆட்டோஃபோகஸ் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் மற்ற மூன்றும் இதன் செல்வாக்கில்தான் தழைக்கின்றன. ஃபோகஸ் செய்வது என்றால், கேமராவிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ள தளம் சென்சாரின் மீது கூர்மையாக விழுமாறு லென்ஸை நகர்த்துவது. அந்தத் தளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகள் சென்சாரில் சிறு வட்டங்களாகப் பரவுகின்றன. இந்த மங்கல் வட்டம் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறிதாக இருக்கும் வரை அந்தப் பகுதிகளும் கூர்மையாகவே தோன்றும். அப்படித் தோன்றும் பரப்பையே டெப்த் ஆஃப் ஃபீல்ட் அல்லது தெளிவு ஆழம் என்கிறோம். எந்தத் தொலைவில் ஃபோகஸ் வைத்தால் அதில் பாதித் தொலைவு முதல் அடிவானம் வரை அனைத்தும் இந்தத் தெளிவு ஆழத்துக்குள் வருமோ, அதற்கு ஹைப்பர்ஃபோகல் தூரம் என்று பெயர். ஃபுல் ஃபிரேமுக்கு நெடுநாளாக ஏற்கப்பட்ட 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை அளவாகக் கொண்டு எஃப்/8 துளையில் கணக்கிட்டால், 50 மி.மீ. லென்ஸின் ஹைப்பர்ஃபோகல் தூரம் ஏறத்தாழ 10.5 மீட்டராகவும், 35 மி.மீ. லென்ஸுக்கு 5.1 மீட்டராகவும், 15 மி.மீ. லென்ஸுக்கு வெறும் 95 செ.மீ. ஆகவும் வருகிறது. குவியத் தொலைவின் இருமடிக்கு ஏற்ப இந்தத் தூரம் மாறுவதால்தான் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்கிறது. 15 மி.மீ. லென்ஸின் தொலைவு வளையத்தை ஒரு மீட்டருக்கு அருகில் வைத்துவிட்டால், அரை மீட்டர் முதல் அடிவானம் வரை அனைத்தும் தெளிவு ஆழத்துக்குள் அடங்கிவிடும் என்பதே இதன் பொருள்.

அந்த அரை மீட்டருக்கும் குறைவான தொலைவில் படத்துக்குள் ஏதாவது வர முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதையும் கணக்கே தீர்த்துவிடுகிறது. கேமராவைக் கிடைமட்டமாக, நிற்பவரின் கண்ணுயரமான 1.6 மீட்டரில் மட்டமாகப் பிடித்தால், 15 மி.மீ. லென்ஸின் சட்டத்துக்குள் சமதரை இரண்டு மீட்டர் தொலைவிலிருந்தே தொடங்குகிறது. கேமராவைத் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்துக்கு இறக்கினாலும் தரை தொடங்குவது 75 செ.மீ. தொலைவில்தான். லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்தாலோ, அருகில் உயர்ந்து நிற்கும் பாறையோ செடியோ குறுக்கிட்டாலோ தவிர, அந்தச் சட்டத்துக்குள் மங்கலாவதற்குப் பொருளே இல்லை. மங்கலாவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் துல்லியத்தையும் வேகத்தையும் அளித்து ஆட்டோஃபோகஸ் எதைச் சாதிக்கிறது என்பதை அதன் ஆதரவாளர்கள்தான் விளக்க வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு தகுதியான ஆட்சேபம் உண்டு. 0.03 மி.மீ. என்ற அளவு, சிறிய காகிதப் பிரதியைக் கைநீட்டும் தொலைவில் வைத்துப் பார்த்த காலத்துக்குரியது, இன்றைய நுண்ணிய சென்சார்களுக்கும் பெரிய திரைகளுக்கும் அது தாராளமானது என்பதே அது. ஆட்சேபம் சரியானது. ஆகவே அளவைப் பாதியாக்கி 0.015 மி.மீ. என்று கொள்ளலாம். அப்போது எஃப்/11 துளையில் 15 மி.மீ. லென்ஸின் ஹைப்பர்ஃபோகல் தூரம் 1.4 மீட்டரை ஒட்டி வரும், தெளிவு 70 செ.மீ. தொலைவிலிருந்து தொடங்கும். 60 செ.மீ. உயரத்துக்குத் தாழ்த்திய கேமராவுக்கும் அது போதும். இதைவிடக் கடுமையான அளவு கேட்பதில் பயனில்லை. ஏனெனில் சிறிய துளையின் ஓரத்தில் ஒளி பரவுவதால் உண்டாகும் விளிம்பு விளைவு, எஃப்/11இல் ஒவ்வொரு புள்ளியையும் ஏறத்தாழ அதே 0.015 மி.மீ. விட்டமுள்ள வட்டமாக ஏற்கெனவே விரித்துவிடுகிறது. கனடா இயற்பியலாளர் ஹெரால்ட் மெர்க்ளிங்கர் 1990இல் வெளியிட்ட நூலில் இதே சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினார். லென்ஸை முடிவிலியில், அதாவது மிகத் தொலைவில், ஃபோகஸ் செய்து வைத்தால், எந்தத் தொலைவில் இருக்கும் பொருளானாலும் அதில் ஒளித்துளையின் விட்டத்துக்குச் சமமான நுணுக்கம் வரை பிரித்துக் காட்டப்படும் என்பது அவர் முறையின் மையம். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/8 துளையின் விட்டம் 6 மி.மீ.க்குச் சற்று மேல், 15 மி.மீ. லென்ஸில் 2 மி.மீ.க்கும் குறைவு. அதாவது தொலைமலையில் முழுக் கூர்மையை வைத்துக்கொண்டே, காலடியில் கிடக்கும் கூழாங்கற்களையும் தனித்தனியாகக் காட்ட முடிகிறது. எந்த முறையில் கணக்கிட்டாலும் குறுகிய குவியத் தொலைவே வேலையைச் செய்கிறது, மோட்டாருக்கு அதில் பங்கில்லை.

கணக்கை நம்பாதவர்களுக்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. ஸைஸ் இக்கான் நிறுவனம் 1969இல் வெளியிட்ட ஹோலோகான் கேமராவில் 15 மி.மீ. எஃப்/8 லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதில் துளையை மாற்றவும் வழியில்லை, ஃபோகஸை மாற்றவும் வழியில்லை. ஹாசல்பிளாட் நிறுவனம் 1954இல் அறிமுகப்படுத்தி அரை நூற்றாண்டு வரை வெவ்வேறு வடிவங்களில் விற்ற சூப்பர் வைட் கேமராவில், அதன் பெரிய ஃபிலிமில் அதிவிரிகோணமாகவே அமைந்த 38 மி.மீ. லென்ஸின் தொலைவு அளவையைப் பார்த்தே ஃபோகஸ் வைத்தார்கள், மேலே செருகிய தனிக் காட்சிமானி வழியாகப் பார்த்தே சட்டத்தை வகுத்தார்கள். ஜப்பானிய கொசினா நிறுவனம் 1999இல் ஃபோக்ட்லேண்டர் என்ற பழைய பெயரில் வெளியிட்ட 15 மி.மீ. எஃப்/4.5 சூப்பர் வைட் ஹீலியார் லென்ஸுக்குத் துணையாக வந்த பெஸ்ஸா-எல் கேமராவில் ஒளிமானி மட்டுமே இருந்தது. தொலைவை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் இல்லை, காட்சிமானியும் இல்லை. இந்தக் கருவிகளை வடிவமைத்தவர்கள் ஃபோகஸை மறந்துவிடவில்லை, அது தேவைப்படாத குவியத் தொலைவைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். இதைப் பழங்கதை என்று தள்ளுகிறவர் தம் சட்டைப்பையிலேயே மறுப்பை வைத்திருக்கக்கூடும். 2019இல் ஐஃபோன் 11 வழியாகக் கோடிக்கணக்கானவர்களின் கைக்குச் சென்ற அதிவிரிகோண கேமராவில் ஃபோகஸ் நிலையாக வைக்கப்பட்டிருந்தது. 2021இல் ஐஃபோனின் அதிவிரிகோணத்துக்கு ஆட்டோஃபோகஸ் சேர்க்கப்பட்டபோதும் அதன் முதன்மைப் பயன் மிக அருகில் வைத்துச் சிறு பொருள்களைப் படமெடுப்பதாகவே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் எடுக்கப்பட்ட மலைகளும் கடல்களும் ஃபோகஸ் இல்லாததால் கெட்டுப்போனதாக யாரும் முறையிட்டதில்லை.

ஆட்டோஃபோகஸ் தேவையற்றது என்பதோடு நிற்காமல், சில வேளைகளில் அது இடையூறும் செய்கிறது. இயந்திரம் எப்போதும் ஏதேனும் ஒரு பொருளைத் தேர்ந்து அதன்மீது ஃபோகஸ் வைக்கும். நிலக்காட்சிக்கோ, அருகிலுள்ள பாறைக்கும் தொலைவிலுள்ள மலைக்கும் நடுவே, எந்தப் பொருளுமே இல்லாத ஓர் இடத்தில் ஃபோகஸ் தேவைப்படலாம். பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் லென்ஸோடு நேரடியாக இணைந்திராமல் மின்சமிக்ஞை வழியாக மோட்டாரை இயக்குகிறது. அவற்றில் பலவற்றில் தொலைவு அளவையே பொறிக்கப்படுவதில்லை, கேமராவை அணைத்து மீண்டும் இயக்கினால் ஃபோகஸ் இருந்த இடத்தில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. திருகுப் பள்ளங்களால் இயங்கும் லென்ஸிலோ, விடியலுக்கு முன் வைத்த இடம் சூரியன் உதித்த பின்னும் அப்படியே இருக்கும். பனிமூட்டத்திலும் இருளிலும் ஃபோகஸைத் தேடி மோட்டார் அலையும் தொல்லையும் இல்லை.

கையால் இயக்கும் லென்ஸ்களின் குறையை மறைப்பது இந்த வாதத்துக்கு உதவாது. விலை குறைந்த பல லென்ஸ்களில் பொறிக்கப்பட்ட தொலைவுகள் துல்லியமாக இருப்பதில்லை. முடிவிலிக் குறியைத் தாண்டியும் வளையம் சுழலும் லென்ஸ்கள் மலிந்திருக்கின்றன, அவற்றைக் குறியில் வைத்து நம்பினால் தொலைமலை மங்கலாகிவிடும். கூர்மையான ஓரங்களைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியும் இங்கே ஏமாற்றும், ஏனெனில் அதிவிரிகோணத்தில் ஏறத்தாழ எல்லா ஓரங்களும் நிறமேறிவிடும். ஆனால் இவை ஒருமுறை சோதித்துத் தீர்த்துக்கொள்ளக்கூடிய குறைகள். தெளிவான பகலில் தொலைவிலுள்ள கோபுரத்தையோ மின்கம்பத்தையோ திரையில் பெரிதாக்கிப் பார்த்து, உண்மையான முடிவிலி வளையத்தில் எங்கே விழுகிறது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால், பிறகு அந்த லென்ஸ் அவ்விடத்தை மாற்றிக்கொள்வதில்லை.

இரண்டாம் வாதமான அகலத் துளையின் பெருமை இதைவிட எளிதில் கரைகிறது. தெளிவு ஆழம் வேண்டும் என்பதால் நிலக்காட்சிக்காரர் எஃப்/8 அல்லது எஃப்/11 துளையில்தான் பெரும்பாலும் வேலை செய்கிறார். எஃப்/16க்குப் போனால் விளிம்பு விளைவின் வட்டம் 0.021 மி.மீ.ஐத் தாண்டிக் கூர்மையைக் கரைக்கத் தொடங்குகிறது, எஃப்/4க்குத் திறந்தால் முன்நிலம் கைநழுவுகிறது. வெளிச்சம் குறைந்தால் அவர் துளையைத் திறப்பதில்லை. முக்காலியில் கேமராவை ஏற்றி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறார், நீரும் மேகமும் நீண்ட நேரத்தில் பெறும் தோற்றத்தைப் பெரும்பாலும் விரும்பியே ஏற்கிறார். எனவே எஃப்/2.8இன் விலையையும் எடையையும் ஏற்றுக்கொண்டவர், தம் வாழ்நாளில் மிகச் சில படங்களைத் தவிர மற்றவற்றில் அதைத் தொடுவதே இல்லை. விண்மீன்கள் நிறைந்த இரவு வானம் இதற்கு உண்மையான விதிவிலக்கு. அங்கே அகலத் துளை இல்லாமல் முடியாது, மூலைகளில் விண்மீன்கள் சிறகு விரிக்கும் கோமா என்ற குறையைக் கட்டுப்படுத்தப் பெரிய கண்ணாடிகளும் உதவுகின்றன. ஆனால் அந்த விதிவிலக்குகூட எதிர்த்தரப்பின் வாதத்தை முழுமையாகக் காப்பாற்றவில்லை. விண்மீன்களை எடுப்போர் ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, ஒளிமிக்க ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கிக் கையால்தான் பெரும்பாலும் ஃபோகஸ் வைக்கிறார்கள். சம்யாங் நிறுவனத்தின் 14 மி.மீ. எஃப்/2.8 போன்ற, கையால் இயக்கும் லென்ஸ்கள் அவர்களிடையே பரவியதற்குக் காரணம் அதுவே.

மூன்றாம் வாதம், சிறிய உடலில் தரம் அடங்காது என்பது, ஒரு வரலாற்று விபத்தை இயற்கை விதியாக மயங்கியதால் பிறந்தது. லூட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த 21 மி.மீ. பியோகான் லென்ஸ் 1954இல் கான்டாக்ஸ் கேமராவுக்காக வெளிவந்தபோது, அதன் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் சென்று நின்றது. நடுவே ஒளித்துளையை வைத்து இருபுறமும் ஏறத்தாழ ஒத்த கண்ணாடிகளை அடுக்கும் அந்தச் சமச்சீர் அமைப்பில், நேர்கோடுகள் வளைந்து தோன்றும் உருத்திரிபு இயல்பாகவே அடங்கிவிடும், லென்ஸும் சிறிதாக இருக்கும். ஆனால் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே மேலும் கீழும் ஆடும் கண்ணாடி ஒன்று இருந்தது. லென்ஸைப் பொருத்தும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரையிலான தொலைவு நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ., லைக்கா எம் வகையிலோ 27.8 மி.மீ. மட்டுமே. 15 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸை 46.5 மி.மீ.க்கு அப்பால் நிறுத்த வேண்டுமானால், முன்னால் பெரிய குழிலென்ஸ்களை வைத்து ஒளியை முதலில் விரித்துப் பிறகு குவிக்க வேண்டும். பியர் ஆன்ஷெனியூ 1950இல் 35 மி.மீ. லென்ஸில் கையாண்ட இந்த ரெட்ரோஃபோகஸ் அமைப்பே பின்னாளைய எஸ்.எல்.ஆர். அதிவிரிகோண லென்ஸ்களுக்கெல்லாம் அடிப்படை. 2007இல் வந்த நிக்கான் 14-24 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் புடைத்த முன்கண்ணாடியும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையும் இந்த வழியில் வந்தவை. அதன் முன்னால் ஃபில்டர் திருக இடமில்லாமல், 150 மி.மீ. அகலமுள்ள தட்டு ஃபில்டர்களுக்கென்று தனிச் சட்டகமே உருவாக்கப்பட்டது. அந்தப் பருமனில் பெரும்பங்கு தரத்துக்கான விலை அன்று, ஆடும் கண்ணாடிக்குச் செலுத்திய வரி.

மிரர்லெஸ் கேமரா அந்த வரியை நீக்கிவிட்டது. பொருத்து விளிம்பிலிருந்து சென்சார் வரையிலான தொலைவு சோனி இ வகையில் 18 மி.மீ.ஆகவும் நிக்கான் இஸட் வகையில் 16 மி.மீ.ஆகவும் சுருங்கியது. இருந்தும் ஃபிலிம் காலத்து லென்ஸ்கள் அப்படியே மீண்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபிலிம் சாய்ந்து வரும் ஒளியையும் ஏற்றுக்கொள்ளும். சென்சாரோ தன் முன்னுள்ள கண்ணாடி அடுக்காலும் நுண்ணிய ஒளிக்குழிகளாலும் மிகச் சாய்ந்த கதிர்களை ஏற்கத் தடுமாறும். அதனால் முதல் இரு பதிப்புச் சூப்பர் வைட் ஹீலியார்கள் டிஜிட்டல் கேமராவில் ஓரங்களில் இளஞ்சிவப்புச் சாயலைக் காட்டின. ஓரத்தில் ஒளி குறைவதும் சமச்சீர் அமைப்பில் கடுமையானது. கோணத்தின் கொசைன் மதிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஒளி குறையும் என்ற விதிப்படி, 55 பாகையில் விழும் மூலைக்கு நடுவில் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஹோலோகானுக்கு நடுவில் கறுத்த தனி ஃபில்டர் வழங்கப்பட்டதும் இதனால்தான். கொசினா நிறுவனம் 2015இல் மூன்றாம் பதிப்பைச் சென்சாருக்கேற்ப மறுவடிவமைத்து, பின்கண்ணாடியிலிருந்து கதிர்கள் அவ்வளவு சாயாமல் செல்லச் செய்தது. அதனால் 100 கிராமை ஒட்டியிருந்த முதல் பதிப்பைவிட லென்ஸ் பருத்தது உண்மைதான். ஆனால் அது 300 கிராமுக்குள்ளேயே நின்றது, சோனியின் 16-35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 2017இல் 680 கிராம் எடையோடு வந்தது. சாயல் தீர்ந்த பின்னும் எடை பாதிக்கும் குறைவாக இருப்பது, தரத்துக்குப் பருமன் தவிர்க்க முடியாதது என்ற கூற்றை நேரடியாகப் பொய்யாக்குகிறது.

இங்கே எதிர்த்தரப்பு கேனன் நிறுவனத்தின் 16 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைக் காட்டலாம். 2021இல் வந்த அது ஏறத்தாழ 165 கிராம்தான், அதில் ஆட்டோஃபோகஸும் உண்டு. சிறுமைக்குக் கையியக்கம் நிபந்தனை அன்று என்பதை அது மெய்ப்பிக்கிறது, அதை மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அந்தச் சிறுமை எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த லென்ஸ் நேர்கோடுகளைப் பீப்பாய் போல வளைத்துத் தருகிறது, கேமராவின் மென்பொருள் அதை நிமிர்த்துகிறது, நிமிர்த்தும்போது மூலைகள் இழுக்கப்பட்டு அங்கிருந்த நுணுக்கம் மெலிகிறது. லாவோவா, ஃபோக்ட்லேண்டர் போன்ற கையியக்க லென்ஸ்களில் பல அந்த வேலையைக் கண்ணாடியிலேயே முடிக்க முயல்கின்றன. எந்த வழி மேலானது என்பது விவாதத்துக்கு உரியது. சிறிய லென்ஸ் என்றாலே தாழ்ந்த லென்ஸ் என்ற கூற்றுக்கு மட்டும் இந்த எடுத்துக்காட்டும் உதவவில்லை.

நான்காம் வாதமே இந்த விவாதத்தின் இதயம், ஏனெனில் அதில் கருவி பற்றிய கருத்தைவிடப் படம் பற்றிய கருத்தே ஒளிந்திருக்கிறது. ஜூம் இன்றியமையாதது என்கிறவர், அதிவிரிகோணம் என்பது கண்ணில் பட்ட அனைத்தையும் சட்டத்துக்குள் திணிக்கும் வசதி என்றும், பின்வாங்க இடமில்லாத போது உதவும் மாற்றுவழி என்றும் எண்ணுகிறார். அப்படிப் பயன்படுத்தினால் அது ஏமாற்றத்தைத்தான் தரும். 35 மி.மீ. லென்ஸில் தெரிந்த மலை, 15 மி.மீ. லென்ஸில் அகலத்திலும் உயரத்திலும் பாதியைவிடச் சிறிதாகும். நடுவில் வெறும் தரையும் மேலே வெறும் வானமும் பரந்து கிடக்க, மலை ஒரு கோடாகச் சுருங்கும். அதிவிரிகோண லென்ஸ் மலையைத் தள்ளிவிட்டது என்று பிறகு குறைசொல்வார்கள். ஆனால் பொருள்களின் ஒப்பீட்டு அளவை, அதாவது பெர்ஸ்பெக்டிவை, முடிவு செய்வது கேமரா நிற்கும் இடம் மட்டுமே. ஒரே இடத்தில் நின்று ஜூமைத் திருகினால் சட்டம் மட்டும் வெட்டுப்படுகிறது, முன்நிலத்துக்கும் மலைக்கும் உள்ள உறவு மயிரிழையும் மாறுவதில்லை.

அந்த உறவை மாற்றுவது காலடிதான், அதிவிரிகோணத்தில் ஒவ்வொரு காலடிக்கும் பெரும் விளைவு உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியை எடுத்துக்கொள்ளலாம். செம்மணல் மேடுகளும் ஆங்காங்கே பனைகளும் நீண்ட அடிவானமும் கொண்ட அந்நிலத்தில், நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் மணலில் காற்று வரைந்த வரிகள் மெல்லிய அமைப்பாக மட்டுமே தெரியும். கேமராவை முழங்காலளவுக்குத் தாழ்த்தி வரிகளுக்கு அருகில் கொண்டுபோனால், அவை சட்டத்தின் அடியிலிருந்து எழுந்து பனைகளை நோக்கி ஓடும் கோடுகளாகின்றன. 60 செ.மீ. தொலைவில் இருந்த ஒரு வரியிலிருந்து 30 செ.மீ. பின்வாங்கினால் அது மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும், அடிவானத்துப் பனையோ அணுவளவும் மாறாது. எந்த ஜூமும் தர முடியாத கட்டுப்பாடு இது, அதுவும் தனியாகச் செலவில்லாமல் கிடைக்கிறது. பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பவருக்குக் காலடி எடுத்துவைக்க இடமிராது என்பது உண்மைதான். அப்படிப்பட்ட இடத்தில் படத்தை வெட்டிச் சுருக்குவதே தீர்வு. 61 மெகாபிக்சல் சென்சாரில் 15 மி.மீ. லென்ஸால் எடுத்த படத்தை 24 மி.மீ. லென்ஸின் கோணத்துக்கு வெட்டினாலும் ஏறத்தாழ 24 மெகாபிக்சல் எஞ்சும். மலையே பொருளாக இருந்து முன்நிலம் ஒன்றுமில்லாத இடத்தில் அதிவிரிகோணமே வேண்டாம். அங்கே தேவை நீண்ட லென்ஸ், 16-35 ஜூமும் அங்கே கைகொடுக்காது.

ஓரங்களில் உருவங்கள் இழுபடுகின்றன என்ற குறையும் இதோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும், நடுவிலிருந்து விலகும் கோணத்துக்கேற்ப உருவத்தை நீட்டியாக வேண்டும். 15 மி.மீ. லென்ஸில் சட்டத்தின் இடவல ஓரத்தில் அது வெளிநோக்கி 2.4 மடங்குக்கு மேல் நீளும். இது வடிவவியல் விதி, லென்ஸின் பழுதன்று, 15 மி.மீ.க்குத் திருப்பிய விலையுயர்ந்த ஜூமிலும் இதே அளவுதான் நீளும். 36 செ.மீ. அகலமுள்ள பிரதியை 15 செ.மீ. தொலைவில் கண் வைத்துப் பார்த்தால் இழுபாடு மறைந்துவிடும், ஆனால் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. மனித முகத்தை ஓரத்தில் வைத்தால் அது கேடு. பாறைக்கும் மணலுக்கும் மேகத்துக்கும் பழகிய வடிவம் கிடையாது என்பதால், அதே இழுபாடு அங்கே படத்துக்கு வேகத்தைத் தருகிறது. பல படங்களை ஒட்டி ஒன்றாக்கும் பனோரமா முறை இருக்க அதிவிரிகோணம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. அசையாத மலைக்கு அம்முறை நன்றாகவே பொருந்தும். கரையில் உடையும் அலையும் காற்றில் ஆடும் கோரையும் படத்துக்குப் படம் இடம் மாறுவதால் ஒட்டும் கோட்டில் பிளவுபடும், மிக அருகிலுள்ள முன்நிலம் கேமராவைச் சுழற்றும்போது பின்னணியை விட்டு விலகும்.

எடையைப் பற்றிய பேச்சைச் சோம்பலின் பேச்சாகக் கருதுகிறவர்கள் நிலக்காட்சி எப்படிப் பிறக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் 1932இல் எஃப்/64 குழுவாகக் கூடிய காலத்தில் பெரிய கேமராவுக்கு மாற்று இல்லை, ஏனெனில் அவர்கள் வேண்டிய நுணுக்கத்தைச் சிறிய ஃபிலிம் அன்று தரவில்லை. பின்னாளில் மலையேறியான கேலன் ரோவெல், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் எளிமையையே தம் வலிமையாக்கிக்கொண்டார். 1981இல் திபெத்தின் போத்தலா அரண்மனைமேல் எழுந்த வானவில்லை அவர் எடுத்த படம், சரியான இடத்துக்கு ஓடிச் சேர முடிந்ததால் கிடைத்தது. கனத்த லென்ஸின் எடை தனியாக வருவதில்லை. அதற்கேற்ற கனத்த முக்காலி, பெரிய ஃபில்டர்கள், அவற்றுக்கான பை என்று சங்கிலியாகத் தொடர்ந்து, கடைசியில் இன்னும் ஒரு மேடு ஏறலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்ற பதிலாக முடிகிறது.

இந்த மறுப்புக்கும் எல்லை உண்டு. கையியக்க லென்ஸ்கள் பலவற்றில் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் எதிரான அடைப்பு இருப்பதில்லை. பருவமழைக் காலத்துக் கடற்கரையில் தொடர்ந்து வேலை செய்பவருக்கு அது சிறிய குறை அன்று. மின்தொடர்பு இல்லாத லென்ஸில் குவியத் தொலைவைக் கேமராவிடம் கையால் சொல்லாவிட்டால் அதிர்வைத் தணிக்கும் வசதி தவறாக இயங்கும், எந்தத் துளையில் எடுத்தோம் என்பதும் கோப்பில் பதியாது. ஒரே லென்ஸால் காலையில் நிலத்தையும் மாலையில் திருமணத்தையும் எடுக்க வேண்டியவர் ஜூமையே வாங்க வேண்டும், அவருக்கு இக்கட்டுரை எதிராகப் பேசவில்லை. இந்தக் குறைகளில் எதுவும் முன்னர் கூறிய நான்கு வாதங்களில் ஒன்றாகக் கூட இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வழக்கிலுள்ள கருத்து, சிறிய லென்ஸின் உண்மையான குறைகளை விட்டுவிட்டு, அதனிடம் இல்லாத குறைகளைச் சொல்லியே அதை ஒதுக்குகிறது.

ஆகவே மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாற வேண்டும். ஒருவர் கையியக்கச் சிறிய லென்ஸை ஏன் வாங்கினார் என்று கேட்பதற்கு முன்னால், நிலக்காட்சி மட்டுமே எடுப்பவர் எஃப்/2.8ஐயும் வேகமான மோட்டாரையும் எந்தப் படத்துக்காகச் சுமக்கிறார் என்று கேட்க வேண்டும். விடையை ஊகிக்க வேண்டியதில்லை. அவரவர் கடந்த ஓராண்டில் எடுத்த நிலக்காட்சிப் படங்களின் கோப்புகளைத் திறந்து, துளையின் எண்ணையும் குவியத் தொலைவையும் வரிசையாகப் பார்த்தால் போதும். எஃப்/8க்கும் எஃப்/11க்கும் இடையே, ஜூமின் அகன்ற முனையில், படங்கள் குவிந்து கிடந்தால், பெரிய லென்ஸின் தனிச்சிறப்புகளுக்கு அங்கே வேலை இருந்ததில்லை. அவற்றுக்காகக் கொடுத்த பணமும் ஏற்றிச் சென்ற எடையும் படத்துக்குள் வரவில்லை.